பெயர் சொல்ல மறுத்த துப்பறிவாளர்

மூன்றாமாண்டு இளங்கலை, ஆங்கில இலக்கியம்

துப்பறியும் நாவல் என்றால் பாடப்புத்தகத்திற்குள் மறைத்து வைத்துப் படிக்க வேண்டிய பொருள் என்றே நம்மில் பலர் எண்ணிப் பழகிவிட்டோம். ஆசிரியப் பெருமக்களும் அவ்வாறே எண்ணுகிறார்கள் என்று சொன்னால் அவர்கள் கோபிக்கமாட்டார்கள் என நம்புகிறேன். ரயிலில் ஏறும்போது வாங்கி, இறங்கும்போது இருக்கையிலேயே விட்டுவிட்டு வரும் சரக்கு! அதற்கு நாம் கொடுத்திருக்கும் மதிப்பு அவ்வளவுதான். அமெரிக்காவிலும் ஒரு காலத்தில் நிலைமை அப்படித்தான் இருந்தது. அதை மாற்றியவர்களுள் முதலில் வைத்து எண்ணத்தக்கவர் கல்லூரி வாசலை மிதித்தவரல்லர். பதினான்கு வயதில் பள்ளியை விட்டவர். ஷெர்லாக் ஹோம்ஸைப் படைத்த கானன் டாயில் ஒரு மருத்துவர். அவர் துப்பறிந்தது பெரும்பாலும் எழுதுமேசையில்தான். நான் சொல்ல வந்தவரோ கூலிக்குத் துப்பறிந்தவர். மழையில் நனைந்து, தெருமுனையில் காத்து நின்று, மற்றவர் பின்னால் நடந்து வயிறு வளர்த்தவர். அவர்தான் டாஷியல் ஹாமெட்.

சாமுவேல் டாஷியல் ஹாமெட் என்பது முழுப்பெயர். நடுவிலுள்ள டாஷியல், தாய்வழிக் குடும்பத்தின் பெயர். 1894-ஆம் ஆண்டு மே 27-ஆம் நாள் மேரிலாந்து மாநிலத்தில், செயின்ட் மேரிஸ் வட்டாரத்துப் பண்ணையொன்றில் பிறந்தார். தந்தை பல தொழில்களில் கைவைத்து எதிலும் காலூன்றாதவர். குடும்பம் ஃபிலடெல்ஃபியாவுக்கும் பிறகு பால்டிமோருக்கும் குடிபெயர்ந்தது. பால்டிமோரில் உயர்நிலைப் பள்ளியில் சேர்ந்த சில மாதங்களிலேயே, 1908-ல், தந்தைக்கு உதவுவதற்காகப் படிப்பை நிறுத்தினார். ரயில்வே அலுவலகத்தில் எடுபிடிப் பையன் வேலை கிடைத்தது. அங்கே நடந்ததாக ஒரு கதை உண்டு. பையன் நாள்தோறும் தாமதமாக வருவதைக் கண்ட மேலாளர் வேலையைவிட்டு நீக்கினாராம். இனி நேரத்தில் வருவதாக வாக்களித்தால் வைத்துக்கொள்கிறேன் என்றும் சொன்னாராம். காப்பாற்ற முடியாத வாக்கைக் கொடுக்க முடியாது என்று பையன் சொல்லிவிட்டுக் கிளம்ப, மேலாளர் வியந்துபோய் அவனை வைத்துக்கொண்டாராம். நடந்ததோ இல்லையோ, பின்னால் வரப்போகும் ஹாமெட் இந்தக் கதையில் இருக்கிறார்.

1915-ல் பிங்கர்ட்டன் துப்பறியும் நிறுவனத்தின் பால்டிமோர் கிளையில் சேர்ந்தார். இந்த நிறுவனத்தைப் பற்றிச் சிறிது சொல்லியாகவேண்டும். ஸ்காட்லாந்திலிருந்து வந்து சிகாகோவில் காவல்துறைத் துப்பறிவாளராக இருந்த ஆலன் பிங்கர்ட்டன் என்பவர் 1850-ல் தொடங்கியது இது. மூடாத கண் ஒன்றே இதன் சின்னம். தனியார் துப்பறிவாளரைத் தனிக் கண் என்று அமெரிக்கர் அழைப்பதற்கு இந்தக் கண்ணே காரணம் என்பர். ரயில் கொள்ளையரைப் பிடித்தும், வங்கிப் பணத்தைக் காத்தும் புகழ்பெற்ற நிறுவனந்தான். ஆனால் அதற்கு இன்னொரு முகமும் இருந்தது. சுரங்க முதலாளிகளும் ஆலை முதலாளிகளும் இந்நிறுவனத்துக்குப் பணம் கொடுத்துத் தொழிலாளரிடையே ஒற்றர்களை வைத்தனர். தொழிலாளியாக வேடமிட்டுச் சங்கத்தில் சேர்ந்து, யார் பேசுகிறான், யார் வேலைநிறுத்தத்திற்குத் தூண்டுகிறான் என்று பெயர்ப்பட்டியல் எழுதி அனுப்புவதே ஒற்றனின் வேலை. 1870-களில் பென்சில்வேனியா நிலக்கரிச் சுரங்கங்களில் பிங்கர்ட்டன் ஒற்றன் ஒருவன் சொன்ன சாட்சியத்தின் பேரில் பல தொழிலாளர்கள் தூக்கிலேறினர். பெயர்களைச் சேகரித்து விற்பது அந்த நிறுவனத்தின் வாணிபங்களுள் ஒன்று. இதை வாசகர்கள் நினைவில் வைத்துக்கொள்ளுமாறு கேட்டுக்கொள்கிறேன்.

ஹாமெட் நெட்டையர், ஒல்லியர். கூட்டத்தில் தனியாகத் தெரியும் உருவம். ஆயினும் ஆளைப் பின்தொடர்வதில் வல்லவர் என்று பெயரெடுத்தார். அதன் நுணுக்கங்களைப் பின்னாளில் தம் கதையொன்றிலேயே எழுதி வைத்தார். ஆளுக்குப் பின்னாலேயே இருக்க வேண்டும், ஒளிந்துகொள்ள முயலக்கூடாது, என்ன நேர்ந்தாலும் இயல்பாக இருக்க வேண்டும், கண்ணோடு கண் பார்த்துவிடக்கூடாது. அவ்வளவுதான். ஒட்டுத்தாடியும் கறுப்புக் கண்ணாடியும் திரைப்படத் துப்பறிவாளருக்கே உரியவை போலும்! 1923-ல் பத்திரிகையொன்றில் தம் தொழில் அனுபவங்களைத் துணுக்குகளாக எழுதினார். அவர் பின்தொடர்ந்து சென்ற ஒருவன், ஒரு ஞாயிற்றுக்கிழமை மாலை ஊருக்கு வெளியே உலாவப் போய் வழி தவறிவிட்டானாம். வேறு வழியின்றி ஹாமெட்டே அவனுக்கு நகரத்துக்குத் திரும்பும் வழியைச் சொல்ல வேண்டியதாயிற்றாம். ராட்டினம் ஒன்றையே திருடிச் சென்ற ஆளைத் தமக்குத் தெரியும் என்றும் எழுதினார். சிரிப்பு மூட்டும் செய்திகள்தாம். ஆனால் சிரிக்க முடியாத செய்தி ஒன்றை அவர் அப்போது எழுதவில்லை.

மான்டானா மாநிலத்தில் பியூட் என்பது செம்புச் சுரங்க நகரம். அனகோண்டா என்ற நிறுவனத்தின் பிடியில் இருந்தது. 1917-ல் அங்கே வேலைநிறுத்தம் நடந்தபோது, ஃபிராங்க் லிட்டில் என்ற தொழிற்சங்கத் தலைவர் தொழிலாளரிடையே பேச வந்தார். ஆகஸ்ட் முதல் நாள் விடியுமுன் முகமூடி அணிந்த சிலர் விடுதிக்குள் புகுந்து அவரை இழுத்துச் சென்று, ரயில் பாலமொன்றில் தூக்கிலிட்டனர். கொன்றவர் எவரும் தண்டிக்கப்படவில்லை. லிட்டிலைக் கொன்றால் 5,000 டாலர் தருவதாக அனகோண்டா நிறுவனத்து அதிகாரி ஒருவர் தம்மிடம் பேரம் பேசினார் என்று ஹாமெட் பிற்காலத்தில் தம் தோழி லில்லியன் ஹெல்மனிடம் கூறியிருக்கிறார். இதற்கு ஹெல்மன் எழுதியதைத் தவிர வேறு சான்று இல்லை. ஹெல்மன் தம் நினைவுக் குறிப்புகளில் சற்றுக் கைச்சரக்கும் சேர்ப்பவர் என்ற குற்றச்சாட்டும் உண்டு. எனவே ஆய்வாளரிடையே இதுபற்றி ஒருமித்த கருத்தில்லை. ஒன்றை மட்டும் சொல்லலாம். தன்னைக் கொலைகாரனாக எண்ணி ஒருவன் விலை பேசினான் என்ற நினைப்பு, மறுத்தவனையும் சும்மா விடாது. அந்த நினைப்பு ஹாமெட்டை வாழ்நாள் முழுவதும் துரத்தியது என்று ஹெல்மன் கருதினார்.

1918-ல் முதல் உலகப்போருக்காகப் படையில் சேர்ந்து, மேரிலாந்திலேயே ஆம்புலன்ஸ் பிரிவில் பணியாற்றினார். கடல் கடந்து போகவில்லை. ஆனால் எதிரியின் குண்டைவிடக் கொடியதான ஸ்பானிஷ் காய்ச்சல் அவரைப் பிடித்தது. அதன் பின்னே காசநோய் வந்தது. 1919-ல் படையிலிருந்து விடுவிக்கப்பட்டார். மீண்டும் பிங்கர்ட்டன், மீண்டும் மருத்துவமனை. டகோமா நகர மருத்துவமனையில் தம்மைக் கவனித்த செவிலியர் ஜோசஃபின் டோலனை 1921-ல் சான் ஃபிரான்சிஸ்கோவில் மணந்தார். அந்த ஆண்டே பெண் குழந்தை பிறந்தது. இரவெல்லாம் தெருவில் நின்று ஆளைக் கண்காணிக்க இருமல் இடங்கொடுக்கவில்லை. துப்பறியும் தொழிலை விட்டார். நுரையீரல் பழுது, கையில் காசில்லை, வீட்டில் கைக்குழந்தை. இந்த நிலையில்தான் எழுத உட்கார்ந்தார். பொது நூலகத்தில் அமர்ந்து, பள்ளியில் விட்டதையெல்லாம் படித்தார்.

1922-ல் முதல் படைப்புகள் அச்சேறின. 'பிளாக் மாஸ்க்' என்ற மலிவுத்தாள் மாத இதழில் வந்த முதல் கதைக்குப் பீட்டர் காலின்சன் என்று புனைபெயர் வைத்துக்கொண்டார். அக்காலக் கள்ளர் வழக்கில் பீட்டர் காலின்ஸ் என்றால் பெயரில்லாத எவனோ ஒருவன் என்று பொருள். காலின்சன் என்றால் அந்த எவனோ ஒருவனின் மகன்! 1923 அக்டோபரில் அவர் படைத்த துப்பறிவாளருக்கோ பெயரே இல்லை. கான்டினென்டல் என்ற நிறுவனத்தின் ஆள் என்று மட்டுமே அறியப்படும் குள்ளமான, தடித்த, நாற்பது வயதுக்காரர். இருபத்தைந்துக்கும் மேற்பட்ட கதைகளிலும் இரண்டு நாவல்களிலும் அவர் வருகிறார்; கடைசிவரை தம் பெயரைச் சொல்வதில்லை. ஹோம்ஸைப்போல் சாம்பலைப் பார்த்துச் சுருட்டின் ஊரைச் சொல்லமாட்டார். கதவைத் தட்டுவார், கேள்வி கேட்பார், காத்திருப்பார், அறிக்கை எழுதுவார்.

வருமானம் போதவில்லை. 1926-ல் நகை வணிகர் ஒருவரிடம் விளம்பரம் எழுதும் வேலைக்குப் போனார். சில மாதங்களில் அலுவலகத்திலேயே இரத்தம் கக்கி விழுந்தார். இரண்டாவது மகளும் பிறந்திருந்த நேரம் அது. காசநோயாளி குழந்தைகளுடன் ஒரே கூரையின்கீழ் இருக்கக்கூடாது என்றனர் மருத்துவத் துறையினர். மனைவியும் மக்களும் வேறிடம் போயினர். அந்தப் பிரிவு பிறகு உண்மையில் கூடவேயில்லை. தனி அறை, தட்டச்சுப் பொறி, மது, இருமல் ஆகியவை மிஞ்சின. அவருடைய பெருநூல்கள் பிறந்தது அந்தத் தனிமையில்.

1929-ல் 'ரெட் ஹார்வெஸ்ட்' வந்தது. சுரங்க நகரம் ஒன்று. நாற்பது ஆண்டுகளாக அதை ஆண்ட முதலாளி, வேலைநிறுத்தத்தை உடைக்க வெளியூர்க் குண்டர்களை வரவழைக்கிறார். வேலைநிறுத்தம் உடைகிறது. குண்டர்கள் போகவில்லை, ஊரையே எடுத்துக்கொள்கிறார்கள். அதன்பின் முதலாளி துப்பறிவாளரை அழைத்து ஊரைச் சுத்தம் செய்யச் சொல்கிறார். பெயரில்லாத நம் ஆள் கும்பல்களை ஒன்றோடொன்று மோதவிடுகிறார், பிணங்கள் குவிகின்றன. ஒரு கட்டத்தில் தமக்கே இந்தக் கொலைவெறி பிடித்துவிட்டதோ என்று அவர் அஞ்சுகிறார். கதையில் ஊரின் பெயர் வேறு. ஆனால் பியூட் நகரைப் படித்தறிந்த எவரும் அதனை அடையாளங் கண்டுகொள்வர். பதினைந்து ஆண்டுகளுக்கு மேலாக எழுதாமல் வைத்திருந்த செய்தி என்று சொல்ல மாட்டேன், பன்னிரண்டு ஆண்டுகள்தாம். ஆனால் எழுதியபோது நன்றாகவே எழுதினார்.

அதே ஆண்டில் 'தி டெயின் கர்ஸ்' வெளிவந்தது. அது அவ்வளவு சிறப்பில்லை. 1930-ல் வந்த 'தி மால்டீஸ் ஃபால்கன்' பற்றி நம் நண்பர்கள் பலர் திரைப்படம் வாயிலாக அறிந்திருக்கலாம். மால்டா தீவை ஆண்ட வீரத்துறவியர் ஆண்டுதோறும் பேரரசருக்கு ஒரு வல்லூறு காணிக்கை செலுத்த வேண்டும் என்பது 1530-ஆம் ஆண்டின் உண்மை வரலாறு. மணிகள் பதித்த பொன் வல்லூறு என்பது ஹாமெட்டின் கற்பனை. அதைத் தேடிப் பேராசைக்காரர் சிலர் சான் ஃபிரான்சிஸ்கோவுக்கு வருகிறார்கள். துப்பறிவாளர் சாம் ஸ்பேடின் கூட்டாளி சுட்டுக் கொல்லப்படுகிறார். ஹாமெட் தம் முதற்பெயரான சாமுவேலை இந்த ஆளுக்குத்தான் கொடுத்தார். இறுதியில் கிடைத்த பறவை வெறும் ஈயம். கொன்றவள் யாரென்று தெரிந்தும், அவள்மீது காதலிருந்தும், ஸ்பேட் அவளைக் காவல்துறையிடம் ஒப்படைக்கிறார்.

இந்த நாவலின் தனித்தன்மை வேறிடத்தில் உள்ளது. நூல் முழுவதிலும் எந்தப் பாத்திரமும் மனத்துக்குள் என்ன நினைத்தது என்று ஆசிரியர் ஒருமுறைகூடச் சொல்வதில்லை. கை எப்படி அசைந்தது, சிகரெட்டை எப்படிச் சுருட்டினார், கண் எந்தப் பக்கம் போனது என்பதை மட்டும் சொல்கிறார். பின்தொடர்பவன் கண்ணுக்கு அவ்வளவுதானே தெரியும்! எதிராளியின் நெஞ்சுக்குள் அவன் எப்படிப் புகுவான்? பிங்கர்ட்டன் நிறுவனத்துக்கு அறிக்கை எழுதிப் பழகிய கை அது. கண்டதை எழுது, கருதியதை எழுதாதே என்ற அந்தப் பழக்கமே உரைநடையாயிற்று. இதே காலத்தில் ஹெமிங்வேயும் இதைத்தானே செய்தார் என்று கேட்கும் பேராசிரியர்கள் உண்டு. இருவரில் யார் முந்தியவர் என்ற வழக்கு எனக்கு முக்கியமாகப் படவில்லை. ஹாமெட் இதைத் தெருவில் கற்றார் என்பதே எனக்குப் பெரிதாகத் தோன்றுகிறது.

1931-ல் 'தி கிளாஸ் கீ', 1934-ல் 'தி தின் மேன்'. பின்னது குடித்துக் களிக்கும் கணவன் மனைவி துப்பறியும் கதை. திரைப்படமாகிப் பெரும்பொருள் ஈட்டியது. அந்த மனைவிப் பாத்திரம் நீதான் என்று லில்லியன் ஹெல்மனிடம் ஹாமெட் சொன்னாராம். அவர் மகிழ்ந்திருக்கையில், நூலிலுள்ள அசட்டுப் பெண்ணும் கெட்ட பெண்ணும்கூட நீதான் என்று சேர்த்துக்கொண்டாராம். 1930-ல் ஹாலிவுட்டில் இருவரும் சந்தித்தனர். ஹெல்மன் நாடகாசிரியையாக உயர்ந்ததில் ஹாமெட்டின் கண்டிப்பான கைக்குப் பெரும் பங்குண்டு. பணம் தண்ணீராய் வந்தது, தண்ணீராகவே போனது. குடிப்பழக்கம் மிகுந்தது. மனைவி மக்களுக்கு ஒழுங்காகப் பணம் அனுப்பவும் தவறினார். இதையெல்லாம் மறைத்து எழுதினால் அவரே மன்னிக்கமாட்டார்.

'தி தின் மேன்' வந்தபோது அவருக்கு வயது நாற்பதுகூட நிறையவில்லை. அதற்குப்பின் இருபத்தேழு ஆண்டுகள் வாழ்ந்தார். இன்னொரு நாவலை முடிக்கவில்லை. ஏன் என்பதற்கு அவரவர் ஒவ்வொரு விடை சொல்வர். எழுதியதையே திரும்ப எழுதுவதாகத் தோன்றியதால் நிறுத்தினேன் என்று அவரே பின்னாளில் ஒரு செய்தியாளரிடம் கூறியிருக்கிறார். நடை என்ற ஒன்று தனக்கு அமைந்துவிட்டதென்று எழுத்தாளன் உணர்வதே அவன் முடிவின் தொடக்கம் என்பது அவர் எண்ணம்.

1930-களில் அவர் பொதுவுடைமைக் கட்சியின் பக்கம் சாய்ந்தார். ஸ்டாலின் நடத்திய மாஸ்கோ விசாரணைகளை ஆதரித்து 1938-ல் வந்த அறிக்கையில் கையொப்பமிட்டவர்களுள் அவரும் ஒருவர். பொய்ச் சாட்சியத்தைத் தூரத்திலிருந்தே மோப்பம் பிடிக்கத் தெரிந்தவர், அந்த வழக்குகளில் மட்டும் மூக்கை மூடிக்கொண்டார். இது அவர் வாழ்க்கையில் எனக்கு விளங்காத இடம்.

1942-ல் நாற்பத்தெட்டு வயதில், காசநோய் வடு உள்ள நுரையீரலுடன், மீண்டும் சாதாரணச் சிப்பாயாகப் படையில் சேர்ந்தார். அலாஸ்காவுக்கு அப்பால் அலூஷியன் தீவுகளில் ஆடாக் என்ற குளிர்த்தீவுக்கு அனுப்பினர். அங்கே வீரர்களுக்காக ஒரு நாளிதழை நடத்தினார். வெள்ளையரும் கறுப்பரும் தனித்தனிப் பிரிவுகளாக இருந்த அந்தப் படையில், அவர் இதழில் இருசாராரும் ஒரே அறையில் பணிசெய்தனர். மகிழ்ச்சியாக இருந்த காலம் அதுதான் போலும்.

போர் முடிந்து திரும்பிய அமெரிக்கா வேறாக இருந்தது. பொதுவுடைமைக் கட்சித் தலைவர்கள் பதினொருவர் 1949-ல் தண்டிக்கப்பட்டு, மேல்முறையீட்டின்போது பிணையில் இருந்தனர். சிவில் உரிமைக் காங்கிரஸ் என்ற அமைப்பின் பிணை நிதியிலிருந்து அந்தத் தொகை கட்டப்பட்டது. அந்த நிதியின் பொறுப்பாளர்களுள் ஹாமெட்டும் ஒருவர். 1951 ஜூலையில் அவர்கள் சிறைக்குத் திரும்பவேண்டிய நாளில் நால்வர் தலைமறைவாயினர். நிதிக்குப் பணம் கொடுத்தவர் யார் யார், அவர்கள் வீட்டில் இவர்கள் ஒளிந்திருக்கிறார்களா என்று அறிய நீதிமன்றம் பொறுப்பாளர்களை அழைத்தது. ஜூலை 9-ஆம் நாள் ஹாமெட் சாட்சிக்கூண்டில் ஏறினார். கேள்விமேல் கேள்வி. ஒன்றுக்கும் விடையில்லை. ஆவணத்திலிருந்த கையெழுத்து தம்முடையதா என்பதைக்கூடச் சொல்ல மறுத்தார். நீதிமன்ற அவமதிப்புக்காக ஆறு மாதச் சிறை விதிக்கப்பட்டது.

இதில் வியப்பு என்னவென்றால், ஹெல்மன் எழுதியுள்ளபடி, ஹாமெட்டுக்குப் பணம் கொடுத்தவர்களில் ஒருவர் பெயர்கூடத் தெரியாது. அந்த அலுவலகப் பக்கமே அவர் போனதில்லை! தெரியாது என்று உண்மையைச் சொல்லியிருந்தால் வீட்டுக்குப் போயிருக்கலாம். ஏன் சொல்லவில்லை என்று ஹெல்மன் கேட்டாராம். அப்படிச் சொல்ல முடியாது, கொடுத்த வாக்கைப் பற்றிய விஷயம் என்ற பொருள்பட ஏதோ முணுமுணுத்தாராம். பெயர்களைச் சேகரித்துக் கொடுக்கும் நிறுவனத்தில் ஆண்டுக்கணக்கில் சம்பளம் வாங்கியவர் அவர். இப்போது தம்மிடம் இல்லாத பெயர்களையும் கொடுக்க மறுத்தார்.

ஐந்து மாதங்கள் உள்ளே இருந்தார். நியூயார்க்கிலும் பிறகு கென்டக்கியின் ஆஷ்லாந்து சிறையிலும். கழிப்பறை கழுவும் வேலை கொடுத்தனர். 1951 டிசம்பரில் வெளியே வந்தபோது வானொலியில் அவர் படைத்த பாத்திரங்களின் தொடர்கள் நின்றிருந்தன. வரிப்பாக்கி என்று 1 லட்சம் டாலருக்கு மேல் அரசு கேட்டது; வரும் வருமானத்தையெல்லாம் பிடித்துக்கொண்டது. 1953 மார்ச்சில் செனட்டர் மெக்கார்த்தியின் குழு அழைத்தது. பொதுவுடைமையை எதிர்க்கும் நீங்கள் அரசு நூலகங்களில் பொதுவுடைமையாளர் நூல்களை வைப்பீர்களா என்று கேட்கப்பட்டபோது, அப்படி எதிர்ப்பதென்றால் மக்களுக்கு எந்த நூலையுமே தராமலிருப்பதுதான் வழி என்று ஹாமெட் அமைதியாகச் சொன்னார். வெளிநாடுகளிலிருந்த அமெரிக்க நூலகங்களிலிருந்து அவர் நூல்கள் அகற்றப்பட்டன. தாமாக இருந்தால் அகற்றியிருக்கமாட்டேன் என்று குடியரசுத் தலைவர் ஐசன்ஹோவரே சொன்ன பிறகு அவை அலமாரிக்குத் திரும்பின.

கடைசி ஆண்டுகளை நியூயார்க்குக்கு அருகே கட்டோனா என்ற சிற்றூரில், நண்பரின் சிறு வீட்டில் கழித்தார். 'டுலிப்' என்ற தன்வரலாறு போன்ற நாவலைத் தொடங்கிப் பாதியில் விட்டார். தட்டச்சுப் பொறி எதற்கு வைத்திருக்கிறீர்கள் என்று கேட்ட செய்தியாளரிடம், தாம் ஒருகாலத்தில் எழுத்தாளர் என்று நினைவூட்டிக்கொள்ளத்தான் என்றார். நோய் முற்றியதும் ஹெல்மன் தம் வீட்டில் வைத்துப் பார்த்துக்கொண்டார். 1961 ஜனவரி 10-ஆம் நாள், நுரையீரல் புற்றுநோயால், நியூயார்க் மருத்துவமனையில் ஹாமெட் இறந்தார். அவர் விட்டுச்சென்றது கடன். அதனை ஈடுகட்ட, நூல்களின் உரிமை அனைத்தும் விற்பனைக்கு வந்தபோது ஹெல்மனும் நண்பர் ஒருவரும் வாங்கினர். விலை 5,000 டாலர்.

இரு போர்களில் பணியாற்றியவர் என்ற முறையில் ஆர்லிங்டன் தேசிய இடுகாட்டில் அடக்கம் செய்யப்பட்டார். வரிசை வரிசையாக ஒரே அளவில் நிற்கும் வெண்கற்களுள் அவருடையதும் ஒன்று. பெயரும், மாநிலமும், படையில் வகித்த நிலையும், இரண்டு போர்களும், பிறந்த நாளும் இறந்த நாளும் அதில் பொறிக்கப்பட்டிருக்கின்றன. எழுத்தாளர் என்று எங்கும் இல்லை.